டோயனா, வேறு செடியா? நாற்பதடி வேலிக்கு ஒரு கணக்கு

எங்கள் கொல்லைப்புற மரவேலியின் நீளம் நாற்பது அடி. அந்தப் பக்கத்து வீட்டின் மாடி ஜன்னல் நேராக எங்கள் சமையலறையைப் பார்க்கிறது. வீட்டை வாங்கியபோதே வேலியை ஒட்டி ஒரு புதர் வரிசை இருந்தது. ஆண்டு முழுவதும் பச்சை, டிசம்பரில் கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழம். சான் ஹோசேக்கு மேற்கே மலைகளில் நடக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிற டோயன்தான் இது என்று நான் முடிவுகட்டியிருந்தேன். விருந்துக்கு வந்தவர்களிடம் இந்த மண்ணின் செடி என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அது டோயன் இல்லை என்று தெரிந்தது.

2020 முதல் 2022 வரை கலிஃபோர்னியாவில் பெய்த மழை, பதிவுகள் தொடங்கிய நாளிலிருந்து எந்த மூன்று ஆண்டுத் தொடரிலும் இல்லாத அளவுக்குக் குறைவு. எங்கள் மாவட்டத்தில் 2021 ஜூனில் தண்ணீர் நெருக்கடி அறிவித்து, 2019-இல் செலவழித்ததைவிட 15 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். புல்தரைக்குத் தண்ணீரை நிறுத்தினோம். புல்லை நம்பி அதன் ஓரத்தில் வாழ்ந்த புதர் வரிசையும் கூடவே வாடியது. மறு வசந்தத்தில் சில கிளைகளின் நுனி தீயில் வாட்டியதுபோல் கறுத்து, கைப்பிடி போல வளைந்து தொங்கியது. தோட்ட வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வந்து ஓர் இலையைக் கிள்ளிப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில், கம்பளி ஒட்டியதுபோல் பஞ்சுபஞ்சாக இருந்தது. "இது காட்டோனியாஸ்டர், சீனாவிலிருந்து வந்தது" என்றார்.

அதை எடுத்துவிட்டு என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. எனக்கு வேண்டியவை நான்கு. மாடி ஜன்னலை மறைக்கும் உயரம். இலை உதிராமை. மே முதல் அக்டோபர் வரை மழை அரிதான ஊரில் குழாயை நம்பாத உடம்பு. நான்காவது கொஞ்சம் ஆசை: குளிர்காலத்தில் அந்தச் சிவப்பு. நான் காங்கயம் பக்கம். கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றிக் கிளுவை வேலி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். தண்ணீர் ஊற்றி வேலி வளர்ப்பது என்பது என் அப்பாவுக்குப் புரிய வைக்கவே முடியாத விஷயம். கிளுவை கோடையில் இலையைக் கொட்டிவிட்டு முள்ளோடு நிற்கும், ஆட்டை நிறுத்த அது போதும். மாடி ஜன்னலை நிறுத்தாது.

முதலில் டோயன். ஹெட்டிரோமெலிஸ் ஆர்பூட்டிஃபோலியா என்பது தாவரவியல் பெயர். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். ரோஜா, ஆப்பிள், பேரிக்காய் எல்லாம் சேர்ந்த குடும்பம். வட கலிஃபோர்னியாவிலிருந்து மெக்சிகோவின் பாஹா வரை வறண்ட மலைச்சரிவுகளிலும் ஓக் மரக் காடுகளின் ஓரத்திலும் தானாக வளர்கிறது. சாதாரணமாக எட்டடியிலிருந்து பதினைந்து அடி, விட்டால் சிறு மரமாகவும் போகும். ஜூன், ஜூலையில் வெள்ளைப் பூ. நவம்பரிலிருந்து பழம் சிவக்கும். ஆண் செடி, பெண் செடி என்ற பேதம் இல்லாததால் ஒன்றை மட்டும் வைத்தாலும் காய்க்கும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் எரிந்துபோனாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

டோயன் என்ற பெயர் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓலோனி மக்களின் மொழியிலிருந்து வந்தது. வெள்ளையர்கள் தங்கள் ஊர்ச் சிவப்புப் பழச் செடியான ஹாலியை நினைத்துக்கொண்டு கலிஃபோர்னியா ஹாலி என்றும் கிறிஸ்துமஸ் பெர்ரி என்றும் அழைத்தார்கள். 1920-களில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றியிருந்த மலைகளில் கிளைகளை இவ்வளவு ஒடித்திருக்கிறார்கள் என்றால், பொது நிலத்திலோ அடுத்தவர் நிலத்திலோ அனுமதி இல்லாமல் ஒடிக்கக் கூடாது என்று மாநிலம் சட்டமே போட வேண்டியதாயிற்று. 2012-இல் அதே லாஸ் ஏஞ்சலிஸ் இதைத் தன் அதிகாரப்பூர்வ மண்ணின் செடியாக அறிவித்தது. ஹாலிவுட் என்ற பெயரே இந்தப் புதரால் வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1887-இல் அந்த மனைப்பிரிவைப் பதிவுசெய்தவரின் மனைவி, ரயிலில் சந்தித்த ஒரு பெண்ணிடம் கேட்ட பெயரை வைத்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. அதில் புதர் எதுவும் இல்லை.

அடுத்தது, இருந்ததையே மறுபடி வைப்பது. காட்டோனியாஸ்டருக்காக வாதாடவும் இடம் இருக்கிறது. டோயனைவிட வேகமாக வளர்கிறது, மலிவு, எங்கும் கிடைக்கிறது, வெட்டினால் கோபித்துக்கொள்ளாமல் உடனே தழைக்கிறது, பழம் ஏராளம். சிக்கல் அந்த ஏராளத்தில்தான். பறவைகள் பழத்தைத் தின்று மலையில் போய் எச்சமிடுகின்றன, விதை முளைக்கிறது. கடலோர மூடுபனி படியும் மலைகளில் இது காட்டுச்செடிகளை நெருக்கித் தள்ளிவிட்டு வளர்வதால், கலிஃபோர்னியாவின் ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் இதன் இரண்டு மூன்று வகைகள் இருக்கின்றன. சீமைக் கருவேலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நான் நட்ட செடியின் பேரப்பிள்ளைகள் நான் நடக்கப் போகும் மலையிலேயே நிற்பது எனக்கு ஒப்பவில்லை.

பைரகாந்தாவை ஒரு வாரம் யோசித்தேன். ஆரஞ்சு கலந்த சிவப்பில் கிளையே தெரியாத அளவுக்குப் பழம் பிடிக்கும். தண்ணீரும் அதிகம் கேட்காது. ஆனால் முள். அலங்கார முள் அல்ல, தோல் கையுறையைத் துளைக்கிற முள். திருடன் ஏறக்கூடிய வேலிக்கு இதைவிட நல்ல செடி இல்லை என்பார்கள், உண்மைதான். எங்கள் வேலியில் ஏறுவது என் எட்டு வயது மகளும் அவளுடைய பந்தும் மட்டும்தான். தவிர, இது பேரிக்காய்க் குடும்பத்தின் தீக்கருகல் நோய்க்கு எளிதில் ஆளாகும். என் பழைய வரிசையின் நுனிகளைக் கறுக்க வைத்ததும் அதே நோய். வசந்தத்தில் பூக்கும் நேரத்தில் வெயிலும் ஈரமும் சேர்ந்தால் தேனீயும் மழைத்துளியும் அந்தக் கிருமியைப் பூவுக்குப் பூ கொண்டுபோகின்றன. எங்கள் தோட்டத்தில் ஒரு பேரி மரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பைரகாந்தா வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

இந்த இடத்தில் டோயனின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் அதே குடும்பம், அதே நோய் அதற்கும் வரும். ஆனால் தண்ணீரும் உரமும் போட்டுக் கொழுக்க வைத்த இளந்தளிரைத்தான் நோய் அதிகம் பிடிக்கிறது. டோயனுக்கு உரமே போடக் கூடாது என்பதால் ஆபத்து குறைவு. கறுத்த நுனி தெரிந்தால், கருகலுக்குக் கீழே ஓர் அடி நல்ல கிளையையும் சேர்த்து வெட்டி, கத்தரியை மருந்துக்கடை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போக வேண்டும். நட்டு நான்கு ஆண்டுகளில் நான் ஒரே ஒரு முறைதான் இப்படி வெட்டியிருக்கிறேன்.

நாண்டினாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதன்மீது கோபம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில், வங்கி நடைபாதை ஓரத்தில், எங்கும் இதுதான். மூங்கில் போன்ற தண்டு, மெல்லிய இலை, குளிர்காலத்தில் சிவப்புக் குலை. பார்க்க நளினம்தான். ஆனால் 2009-இல் ஜார்ஜியா மாநிலத்தில் சீடர் வாக்ஸ்விங் என்ற பறவைகள் டஜன் கணக்கில் செத்துக் கிடந்தன. அறுத்துப் பார்த்தபோது வயிறு நிறைய நாண்டினா பழம். அந்தப் பழத்தில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. மற்றப் பறவைகள் ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போகும். வாக்ஸ்விங்குக்கு அந்த நிதானம் கிடையாது, கூட்டமாக வந்து தொண்டைவரை விழுங்கும். அதே பறவை குளிர்காலத்தில் எங்கள் ஊருக்கும் வருகிறது. உயரமும் போதாது என்பதால் இதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சயனைடு என்றதும் டோயன் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டோயனின் இலையிலும் காயிலும் அந்த வகைப் பொருள் உண்டு. பழம் முதிர முதிர அது சதையிலிருந்து விலகி விதைக்குள் போய்விடுகிறது. விதை சிதறிப் பரவ வேண்டும் என்பதால், பறவைக்குத் தின்னக் கொடுக்கிற சதையில் நஞ்சைக் குறைத்துக்கொள்கிறது செடி. பூர்வகுடி மக்கள் பழத்தை வாட்டியும் வேகவைத்தும் காயவைத்து இடித்தும் உண்டிருக்கிறார்கள். நம் மரவள்ளிக் கிழங்கிலும் இதே வகைப் பொருள்தான். அதை நாம் வேகவைக்காமல் தின்பதில்லை, அவ்வளவுதான். நான் ஒரு பழத்தைப் பச்சையாகக் கடித்துப் பார்த்தேன்: மாவு போன்ற சதை, முதலில் லேசான இனிப்பு, உடனே நாக்கை இழுக்கிற துவர்ப்பு. மகளிடம் தின்னக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறோம். ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டாள் என்பதால் அந்தக் கட்டளையை அமல்படுத்த வேண்டிய தேவை பிறகு ஏற்படவில்லை.

உண்மையான ஹாலி, அதாவது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் வருகிற ஐரோப்பியச் செடி, இந்த ஊருக்கு ஒத்துவராது. கோடையில் தண்ணீர் கேட்கும். பழம் வேண்டுமென்றால் ஆண், பெண் இரண்டும் வேண்டும். ஈரமான கடலோரக் காடுகளில் வேலி தாண்டிப் போய்ப் பரவுகிறது என்ற புகாரும் உண்டு.

உள்ளூர்ச் செடிகளிலேயே டோயனுக்குப் போட்டி உண்டு, உண்மையான தடுமாற்றம் எனக்கு இங்கேதான் வந்தது. காஃபிபெர்ரி என்று ஒன்று. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், காபிக்கும் அதற்கும் உறவில்லை. விதை மட்டும் காபிக்கொட்டை போல இருக்கும். அரை நிழலிலும் அடர்த்தியாக வளரும், வெட்டி ஒடுக்கி வைக்கலாம், தீக்கருகல் வராது. பழம் கோடை முடிவில் சிவந்து பிறகு கறுத்துவிடும், எனவே டிசம்பரில் சிவப்பு இல்லை. உயரமும் பெரும்பாலும் ஆறெட்டு அடியோடு நின்றுவிடும். ஹாலி இலைச் செர்ரி இன்னொன்று. வேலிக்கு என்றே பிறந்ததுபோல் அடர்த்தி, பளபளக்கும் இலை. ஆனால் அதன் பழம் உதிர்ந்தால் சிமெண்டுத் தரையில் கறை. எங்கள் வேலியோரம் சிமெண்டு நடைபாதை.

தெற்கே, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ கடலோரத்தில் இருப்பவர்களுக்கு லெமனேட் பெர்ரியையும் சொல்வேன். மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. பழத்தின் மேல் பிசுபிசுப்பான புளிப்பு, தண்ணீரில் ஊறவைத்தால் பானகத்துக்கு எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும். மாங்காய்ப் பால் பட்டால் தோல் பொரிகிறவர்கள் கவனமாக இருக்கட்டும். எங்கள் ஊர் உறைபனி இரவுகள் அதற்கு ஆகாது.

கடைசியில் டோயன் என்று முடிவுசெய்தேன். நான் கேட்ட நான்கையும் ஒன்றாகக் கொடுத்தது அது மட்டும்தான். அதற்கு அது கேட்ட விலை பொறுமையும் இடமும். இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விட்டால் எட்டு, பத்தடி அகலத்துக்குப் பரவும் செடி இது. மூன்றடிச் சந்தில் வைத்துவிட்டு மாதாமாதம் கவாத்து செய்தால் பூவும் வராது, பழமும் வராது. ஏதோ ஒரு பச்சைச் சுவர் மட்டும் மிஞ்சும். அதற்குக் காஃபிபெர்ரியே மேல். எனக்கு வேலியிலிருந்து நடைபாதை வரை ஏழடி இருந்தது. அதுவே கொஞ்சம் நெருக்கடிதான், ஆண்டுக்கு ஒரு முறை பழம் முடிந்த பிறகு பக்கவாட்டுக் கிளைகளை உள்பக்கமாகக் குறைத்துச் சமாளிக்கிறேன்.

வாங்கப் போன கதையும் உண்டு. ஒரு நர்சரியில் டோயன் என்று சீட்டு ஒட்டிய தொட்டிகளை ஆறு எடுத்து வண்டியில் ஏற்றிவிட்டேன். வீட்டில் இறக்கும்போது சந்தேகம் வந்தது. மலையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிவந்து ஒப்பிடலாம் என்றால் 1920-களின் சட்டம் நினைவுக்கு வந்தது. ராஞ்சோ சான் அன்டோனியோ என்ற மலைக் காப்பகத்தில் எடுத்த புகைப்படங்களைக் கைபேசியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். டோயன் இலை விரல் நீளத்துக்கு இருக்கும், தடித்த தோல் போல இருக்கும், ஓரம் முழுக்க ரம்பப் பல். தடவினால் விரலில் உறைக்கும். தொட்டியில் இருந்த ஆறில் நான்குக்கு அந்தப் பல் இருந்தது. மற்ற இரண்டின் ஓரம் வழவழவென்று, அடிப்பக்கம் கம்பளி. நான் வேரோடு பிடுங்கி எறிந்த அதே செடியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருந்தேன். கேட்டதற்கு, இரண்டும் சிவப்புப் பழம்தானே என்று பதில் வந்தது. மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே சீட்டை நம்பாதீர்கள், இலையின் ஓரத்தையும் முதுகையும் பாருங்கள். பழம் எதையும் நிரூபிக்காது. உள்ளூர்ச் செடிகளை மட்டும் விற்கும் பண்ணைகளில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் வாங்கியபோது ஒரு காலன் தொட்டி 14 டாலர். ஐந்து காலன் தொட்டி அதைப்போல் மூன்று மடங்கு, ஆனால் சின்னது இரண்டே ஆண்டுகளில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். வேர் தொட்டிக்குள் சுருண்டுகொள்ள அதற்கு நேரம் கிடைத்திருக்காது.

நவம்பரில் முதல் மழைக்குப் பிறகு நட்டேன். ஆறடிக்கு ஒன்று. குழியில் எருவும் போடவில்லை, உரமும் போடவில்லை. தோண்டிய களிமண்ணையே திரும்ப இட்டு, தண்டைத் தொடாமல் மூன்று அங்குலத்துக்கு மரச்சீவல் மூடாக்கு. அம்மா அப்போது எங்களுடன் இருந்தார். எருவில்லாமல் கன்று நடுவதை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. நான் உள்ளே போனதும் ஒரு கன்றுக்கு மட்டும் ரகசியமாக டீத்தூள் போட்டிருக்கிறார். அது ஒன்றும் ஆகவில்லை, மற்றவற்றைவிட நன்றாகவும் வளரவில்லை. முதல் கோடையில் வாரம் ஒரு முறை, ஆழமாக ஊறும்படி மெதுவாகத் தண்ணீர் விட்டேன். இரண்டாவது கோடையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இப்போது கோடை முழுவதற்கும் இரண்டு மூன்று தடவை, அதுவும் அனல் காற்று அடித்தால்தான். பாசத்தால் தினமும் ஊற்றுகிறவர்கள் கையில் டோயன் வேர் அழுகிச் சாகும். அப்படிப்பட்டவர்கள் வேறு செடியைத் தேடுவது நல்லது.

முதல் இரண்டு ஆண்டுகள் மாடி ஜன்னல் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. பழைய வரிசையை ஒரேயடியாக எடுத்தது என் தவறு. பாதியை விட்டுவைத்து, இது வளர வளர அதை எடுத்திருக்கலாம். இன்றும் எங்கள் வேலி ஜன்னலின் கீழ்ப்பாதியைத்தான் மறைக்கிறது. ஒரே கோடையில் மறைப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு டோயன் சரியான விடை இல்லை. பூ வரும் மாதத்தில் ஒரு மணம் இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. தேனீக்களுக்குக் கொண்டாட்டம். ஜன்னலை ஒட்டியோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதிகளில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்கிறார்கள். எந்தப் புதருக்கும் இது பொருந்தும், டோயனுக்கும்தான். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளங்கன்றை மான் மேய்ந்துவிடும், இரண்டு ஆண்டுகளுக்குக் கம்பிக்கூண்டு தேவை.

மூன்றாவது குளிர்காலத்தில் முதல் பழம். செடி என் மார்பளவு. ஜனவரியில் ஒரு காலை, காபியோடு நின்றபோது மெல்லிய விசில் சத்தம் நாலாபக்கமும் கேட்டது. வாக்ஸ்விங் கூட்டம். முகமூடி கட்டியதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்பு, வாலின் நுனியை மட்டும் மஞ்சள் சாயத்தில் முக்கியெடுத்தது போன்ற கோடு. முப்பது நாற்பது இருக்கும். ஒன்று பழத்தைப் பறித்து, அண்ணாந்து, அப்படியே விழுங்கி, அடுத்ததற்குத் தாவியது. மகளை எழுப்பிக்கொண்டு வருவதற்குள் மூன்று செடிகள் மொட்டை. பத்து மணிக்குள் வரிசை முழுவதும் வெறும் பச்சை. பிப்ரவரிவரை சிவப்பு நிற்கும் என்று நான் போட்டிருந்த கணக்கு அதோடு முடிந்தது. பழம் நீண்ட நாள் நிற்க வேண்டும் என்கிறவர்கள் பறவை அதிகம் சீண்டாத செடியைத்தான் தேட வேண்டும்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் தேவகோட்டைக்காரப் பெண்மணி வந்து பார்த்துவிட்டு, தம்பி, எங்கள் வீட்டுக்கும் இதையே வாங்கிவிடட்டுமா என்று கேட்டார். போய் அளந்து பார்த்தேன். அவர்களுக்கு வேலியோரம் நான்கடிதான், மதியத்துக்குமேல் நிழல் வேறு. குடியிருப்போர் சங்கம் தடுக்குமோ என்று அவருக்குப் பயம். தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடிகளைச் சங்கங்கள் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்ய முடியாதபடி இங்கே சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். என் யோசனை: காஃபிபெர்ரி ஆறு, தெருவைப் பார்த்த வெயில் மூலையில் ஒரே ஒரு டோயன். நவம்பர் மழை வரட்டும், அதுவரை வாங்க வேண்டாம் அக்கா என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாரா என்று தெரியவில்லை, அடுத்த நாளே கார் நர்சரிப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.